காப்பாற்றப் போனவர்களுக்கு ஒரு கல்

சித்திரை ஒன்று எங்கள் பக்கம் நல்லேர் பூட்டும் நாள். விடியும் முன்பே மாட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாடு இல்லாதவர்கள் டிராக்டருக்கே வைத்து, வயலில் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வருவார்கள். அப்புறம் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பது, அம்பேத்கர் சிலைக்கு மாலை என்று ஊர் பரபரப்பாக இருக்கும். அதே ஏப்ரல் 14 காலையில் நாடு முழுக்கத் தீயணைப்பு நிலையங்களில் நீத்தார் நினைவு நாள் நடக்கிறது. அன்றிலிருந்து 20-ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். எங்களுக்கு இது தெரியவே தெரியாது. ஊரில் ஒரு நினைவுக்கல் நட வேண்டும் என்று கிளம்பிய பிறகுதான் தெரிந்தது.

அந்தத் தேதிக்குக் காரணம் 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் நடந்தது. விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பலில் பருத்திப் பொதிகளும் ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிபொருளும் சேர்ந்தே இருந்தன. பருத்தியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் கப்பலுக்குள் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மாலை நான்கு மணி தாண்டிக் கப்பல் வெடித்தது. செத்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். அதில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

டெல்டாவில் நினைவிடங்களுக்குப் பஞ்சமில்லை. 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் கருகிய 94 பிள்ளைகளுக்கு நினைவிடம் இருக்கிறது. அதே வருடம் டிசம்பர் 26 சுனாமியில் போனவர்களுக்குக் கடற்கரை ஓரம் நினைவுத்தூண் இருக்கிறது. கீழ்வெண்மணியில் 1968-இல் எரிக்கப்பட்ட 44 பேருக்கு இருக்கிறது. இதெல்லாம் மாண்டவர்களுக்கு, இருக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்தவனுக்காகப் போய்த் தானும் போனவனுக்கு என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் நான் ஒன்றும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவர் மின்வாரிய வேலைக்கு ஒப்பந்தத்தில் போய்வந்த தம்பி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. மாவட்டங்கள் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்து கம்பம் நட்டார்கள். நம் ஆட்கள் ராத்திரி பகல் பார்க்கவில்லை. கார்த்திகையில் ஒரு நாள், மின்சாரம் நிறுத்தப்பட்ட லைனில் இந்தத் தம்பி ஏறியிருக்கிறார். அந்த லைனில் எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெளி லைனைத் துண்டித்து வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடாமல் நேராக வீட்டு வயரிங்கில் சொருகினால் அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. மெயின் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் ஏறினால் ஆளை எரிக்கிற வோல்டேஜாக மாறிவிடும். அணைந்த லைன் என்று நம்பித்தான் அவர் கையை வைத்தார்.

இன்னொருவர் தீயணைப்புத் துறையில் முன்னணித் தீயணைப்போராக இருந்த அண்ணன். எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர், உறவு முறையில் பங்காளி. 2019 வைகாசியில் திருவிழா விடுப்பில் வந்திருந்தார். அந்தக் கோடையில் ஆறும் காய்ந்து, நிலத்தடி நீரும் இறங்கிப் போயிருந்தது. மேலே வைத்த பம்ப் இருபத்தைந்து அடிக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் ஒரு பழைய கிணற்றுக்குள் பலகை கட்டி ஆயில் என்ஜினையே இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். புகை மேலே வராமல் உள்ளேயே தங்கிவிட்டது. கீழே இருந்த இரண்டு கூலியாட்களும் மயங்கினார்கள். நிலையத்திலிருந்து வண்டி வர நேரமாகும் என்று அண்ணனுக்குத் தெரியும். மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கக் கூடாது என்பதும் எங்கள் எல்லாரையும் விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் இறங்கினார். கயிற்றில் ஒருவரைக் கட்டி மேலே அனுப்பினார். அவர் இன்றைக்கும் பேரப் பிள்ளையோடு இருக்கிறார். அடுத்தவருக்கு முடிச்சுப் போடும்போது அண்ணனும் சாய்ந்துவிட்டார்.

அண்ணன் விடுப்பில் இருந்ததால் பணியில் இறந்தவர் கணக்கில் வரவில்லை. தம்பி ஒப்பந்த ஆள், அவர் எந்தக் கணக்கிலும் இல்லை. இந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் எங்கள் கல். நான் சிவில் டிப்ளமோ முடித்து, சிங்கப்பூரில் கொஞ்ச காலம் சைட் பார்த்துவிட்டு, இங்கே சின்னச் சின்னக் கட்டட வேலைகள் எடுத்துச் செய்கிறவன். கல், சிமெண்ட் எல்லாம் நீதானே என்று என் தலையில் வந்து விழுந்தது. இப்போது பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இதே மாதிரி செய்ய வேண்டும் என்று வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். இறந்தவர்கள் பெயரை இங்கே போடவில்லை. அவை கல்லில் இருக்கின்றன, அது போதும்.

முதலில் குடும்பத்தைக் கேளுங்கள். நாங்கள் கூடிப் பேசிய அன்றைக்கே இளைஞர்கள் மார்பளவு சிலை என்று முடிவு கட்டி, ஆளுக்கொரு போட்டோவைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணியிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அந்த மொகத்துல காக்கா எச்சம் இருக்கிறத நான் தெனம் பாத்துட்டு மாவு மில்லுக்குப் போவணுமா?” என்றார். சிலைப் பேச்சு அத்தோடு முடிந்தது. தம்பியின் அம்மா கேட்டது வேறு. பெயருக்குப் பின்னால் ஒப்பந்தத் தொழிலாளி என்று போடக் கூடாது, மின் பணியாளர் என்று போட வேண்டும். “சாவும்போது அவன் கம்பத்துலதானே இருந்தான்” என்றார். அப்படியே போட்டோம். இந்த இரண்டு வீட்டிலும் முன்பே போய்க் கேட்காமல், கல்லைத் திறக்கிற அன்றைக்கு மாலையோடு கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கிணற்றில் அண்ணனோடு இறந்த கூலியாள் வீட்டிலிருந்தும் வந்தார்கள். எங்கள் ஆள் பெயரும் வருமா என்று கேட்டார்கள். குழுவில் சிலர் அவர் காப்பாற்றப் போனவர் இல்லையே என்றார்கள். வாதமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் அந்த வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்த்து அந்த வாதத்தை யாராலும் சொல்ல முடியவில்லை. தலைப்பில் இரண்டு பெயர், கீழே நடந்ததைச் சொல்லும் வாசகத்துக்குள் மூன்றாவது பெயர் என்று ஒரு வழி கண்டோம். யாரை மீட்கப் போனார் என்பதும் பெயரோடு இருப்பதுதான் நியாயம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பெரிய சண்டை பெயர் வரிசையில் வந்தது. அண்ணன் ஊர்த்தெரு. தம்பி காலனி. இதற்கு மேல் விளக்க வேண்டாம், டெல்டாவில் பிறந்தவர்களுக்குப் புரியும். அண்ணன் அரசு ஊழியர், பதவி பெரியது, அதனால் அவர் பெயர்தான் மேலே வர வேண்டும் என்று நாகரிகமாகப் பேசினார்கள். இறந்த தேதி வரிசைப்படி போடுவோம் என்று நான் சொன்னேன். அப்படிப் போட்டால் தம்பிதான் முதலில். நியூயார்க்கில் இரட்டைக் கோபுர நினைவிடத்தில் கிட்டத்தட்ட மூவாயிரம் பெயர்களை அகர வரிசையில் வைக்கவில்லை. யார் யாரோடு வேலை செய்தார், யார் யாருக்கு உறவு என்று பார்த்துப் பக்கம் பக்கமாக வைத்தார்கள். அன்று இறந்த 343 தீயணைப்பு வீரர்களும் அவரவர் நிலையத்து ஆட்களோடு சேர்ந்து இருக்கிறார்கள். அங்கே அதற்கு ஆள் போட்டு, கணினி வைத்து வேலை பார்த்தார்கள். நமக்கு இரண்டே பெயர், அதற்கே நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் அண்ணிதான் தேதிப்படி போடுங்கள் என்று சொல்லி முடித்துவைத்தார். இரண்டு மூன்று பேர் எழுதிய நன்கொடையைத் தரவில்லை. தராவிட்டால் போகட்டும். உங்கள் ஊரிலும் இது வரும். தேதி வரிசை என்பதை யாருடைய பெயரும் பேச்சில் வருவதற்கு முன்பே, முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம் அது யாருக்கும் எதிரானதாகத் தெரியாது.

இடத்துக்கு வருகிறேன். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ரோட்டு முனை. அதை மறந்துவிடுங்கள். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம் இங்கெல்லாம் சிலைக்கோ கட்டுமானத்துக்கோ மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. யாரோ ஒருவர் மனுப் போட்டால் கல் பெயர்ந்துவிடும், அதைக் குடும்பம் பார்க்க வேண்டியிருக்கும். குளத்தங்கரை, வாய்க்கால் கரையும் ஆகாது, நீர்நிலைப் புறம்போக்கு. சம்பவம் நடந்த கிணற்றுப் பக்கம் வைக்கலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. கிணற்றுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கல் வைத்தால் காலத்துக்கும் தன்னைக் குற்றம் சொல்வது போல் நிற்கும் என்று பயந்தார். அவர் பயத்திலும் பொருள் இருக்கிறது. அன்றைக்கு யார் கிணற்றிலும் அதே மாதிரி என்ஜின் இறங்கியிருந்தது.

கடைசியில் ஊராட்சி அலுவலக வளாகம், நூலகத்துக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில். அது கிராம நத்தம், அதாவது குடியிருப்புக்கான நிலம் என்று வருவாய்க் கணக்கான அடங்கலைப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கிராம சபை வருடத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு முறை கூடுகிறது. உங்கள் பொருளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் ஏற்றிவிடுங்கள். தீர்மானத்தில் கல்லின் அளவு, வாசகம், பராமரிப்பு யார் பொறுப்பு என்ற மூன்றும் இருக்கட்டும். வாசகத்தைத் தீர்மானத்திலேயே சேர்த்தது நாங்கள் செய்த நல்ல காரியம். பின்னால் கட்சிக்காரர்கள் வந்து தலைவர் பெயர் ஒன்று சேர்க்கச் சொன்னபோது, அடுத்த கிராம சபையில் மாற்றித் தீர்மானம் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட முடிந்தது.

இனி வாசகம். நான் அதிகம் மெனக்கெட்டது இதில்தான். முதலில் தமிழாசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். தன்னலமற்ற தியாகச் சுடர், மண்ணின் மைந்தன், இன்னுயிர் ஈந்த மாவீரன் என்று அருமையான நடை. படித்துப் பார்த்தால் அவர் எப்படி இறந்தார் என்பது மட்டும் அதில் இல்லை. கார்கில் போரில் இறந்தவருக்கும் அதையே வெட்டலாம்.

பழைய ஆட்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு. செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் ஒரு ஒழுங்கு இருக்கும். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊர், இன்னாருடைய ஆள் இன்னார், தொறு மீட்டுப் பட்டான். அதாவது மாடுகளை மீட்கப் போய் இறந்தான். அவ்வளவுதான், அடைமொழி குறைவு. எடுத்தனூர்க் கல்லில் எசமானனோடு நின்று கள்ளரைக் கடித்த நாய்க்கும் கோவிவன் என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். நம் டெல்டாவில் நடுகல் வழக்கம் குறைவு, இங்கே வண்டல்தானே, கல் ஏது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆனால் வந்த கல்லில் ராஜராஜன் என்ன செய்தான்? கோயிலில் ஆடிப் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரையும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பதையும் வெட்டிவைத்தான். ஆயிரம் வருடம் கழித்தும் ஒரு நக்கன் பரவை எந்த வீட்டில் இருந்தாள் என்று படிக்க முடிகிறது. லண்டனிலும் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்று ஒரு சின்னப் பூங்காவில் இப்படி ஒரு சுவர் இருக்கிறது. வாட்ஸ் என்ற ஓவியர் முயற்சியில் 1900-இல் திறந்தது. அடுத்தவரைக் காப்பாற்றப் போய் இறந்த சாதாரண ஆட்கள், ஆளுக்கொரு ஓடு. பெயர், என்ன செய்தார், என்றைக்கு. அதில் ஒரு தீயணைப்பு வீரரும் உண்டு. தீயிலிருந்து ஆறு பேரை மீட்டுவிட்டுக் கருகியவர்.

இதையெல்லாம் காட்டி, அடைமொழிகளை எடுத்துவிட்டு நடந்ததை எழுதுவோம் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். கடைசியில் வெட்டியது இப்படி:

“2018 கார்த்திகை. கஜா புயலில் அறுந்த மின்கம்பியைக் கட்டக் கம்பம் ஏறினார். லைனில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வந்த மின்சாரம் தாக்கி இறந்தார்.”

“2019 வைகாசி. என்ஜின் புகை நிறைந்த கிணற்றில் மயங்கிய இருவரைத் தூக்க இறங்கினார். ஒருவரை உயிரோடு மேலே அனுப்பினார். மற்றவரோடு தானும் இறந்தார்.”

பெயர்களை எடுத்துவிட்டு இங்கே தந்திருக்கிறேன். கிணறு யாருடையது, ஜெனரேட்டர் யாருடையது என்பது கல்லில் இல்லை. அது காவல் நிலையத்து வேலை.

இதற்குக் கீழே, ஒரு கோடு போட்டு, இன்னும் இரண்டு வரி இருக்கிறது. கிணறு, குழி, செப்டிக் டேங்கில் ஒருவர் மயங்கி விழுந்தால் யாரும் இறங்காதீர்கள், 101 அல்லது 112-க்கு அழையுங்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். இதுதான் ஊரைப் பிளந்தது. நினைவுக்கல்லில் போய் எச்சரிக்கைப் பலகை மாதிரி எழுதுவதா, இறங்காதே என்று எழுதினால் இறங்கியவரைக் குறை சொல்வது போல் ஆகாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான். அண்ணன் தன் வேலையில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கக் கூடாது என்று தெரிந்தே அவர் இறங்கினார், அது அவர் எடுத்த முடிவு. தெரியாமல் இறங்குகிறவனுக்கு அந்த முடிவை எடுக்கிற வாய்ப்பே இல்லை. கிணற்றுச் சாவுகளில் பாதிக் கொடுமை, முதலில் விழுந்தவனைத் தூக்கப் போன தம்பியும் மச்சானும் வரிசையாகப் போவதுதான்.

ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கலாம் என்று இன்னும் நம்புகிறார்கள். என்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது, ஈரத்துண்டு அதைத் தடுக்காது. விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் பாட்டன் காலத்து வழக்கம். ஆக்சிஜன் குறைந்திருந்தால் விளக்கு அணையும், அதுவரை சரி. ஆனால் விஷவாயு இருந்தும் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆள் செத்துப்போவான். செப்டிக் டேங்கில் மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைக்கும். வெளியிலிருந்து காற்றடிப்பது, உள்ளே இருப்பவருக்கு நினைவிருந்தால் கயிற்றை வீசிப் பிடித்துக்கொள்ளச் சொல்வது, உடனே அழைப்பது, இவ்வளவுதான் நம்மால் முடிந்தது. மற்றது மூச்சுக்கருவி போட்டு வருகிறவர்கள் வேலை.

நன்கொடைப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. டியூப் லைட்டில் உபயம் என்று வெளிச்சமே வராத அளவுக்கு எழுதுகிற ஊர் நம் ஊர். ராஜராஜனே ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்’ என்றுதான் தொடங்கினான், ஆகவே யாரையும் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. நாங்கள் கல்லில் ஒரு நன்கொடையாளர் பெயரும் போடவில்லை. வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி நூலகத்தில் வைத்திருக்கிறோம், யாரும் எடுத்துப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பணம்தான் அதிகம். வந்ததில் அஸ்திவாரத்துக்குப் போனதும் கல்லுக்குப் போனதும் ஏறக்குறைய சமம். கேட்டவர்கள் எல்லாம் ஆச்சரியப்பட்டார்கள்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் களிமண் கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும். அதன் மேல் நேராக எதை நட்டாலும் மூன்றாவது வருடம் சாயும். ஊர் எல்லையில் இருக்கிற மைல்கல்லைப் பார்த்தாலே தெரியும். வெடிப்பு போகிற ஆழத்துக்கும் கீழே தோண்டி, எம்-சாண்ட் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு அடித்து, அதன் மேல் பி.சி.சி. என்கிற கம்பியில்லாத கான்கிரீட், அதற்கு மேல் கம்பி கட்டிய பீடம். கல்லைப் பீடத்தில் ஒட்டவைக்காமல், துளை போட்டு ஸ்டெயின்லெஸ் கம்பி இறக்கிப் பிடிக்க வைத்தோம். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி துருவேறி ஊதிக் கல்லையே பிளந்துவிடும். பீடத்தின் மட்டம், ஊரில் வெள்ளம் ஏறிய உயரத்துக்கு மேல் இருக்கட்டும். வேலையை மாசியில் தொடங்குங்கள். இரண்டாம் போக நெல்லான தாளடியும் அறுத்துக் கட்டுகிற நேரம், ஆள் கிடைக்கும், மண் காய்ந்திருக்கும், சித்திரைக்குள் கான்கிரீட் இறுகிவிடும்.

கல் கருங்கல்லே எடுங்கள். மார்பிள் நம் மழைக்கு மஞ்சளித்துப் போகும். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட கறுப்புக் கிரானைட் கடையில் பார்க்க அழகு. வெயிலில் வைத்தால் படிக்கிறவன் முகம்தான் அதில் தெரியும். நாங்கள் பாலிஷ் இல்லாத முகப்பில், உளி வெட்டு எழுத்தாக, கொஞ்சம் ஆழமாக வெட்டச் சொன்னோம். பெயிண்ட் போனாலும் நிழல் விழுந்து எழுத்து தெரிய வேண்டும். அதற்காகவே கிழக்குப் பார்த்து வைத்தோம், காலை வெயில் சாய்வாகப் படும்போது நன்றாகப் படிக்கலாம்.

கல்லில் கீழே கொஞ்சம் இடம் விடலாமா, பின்னால் யாராவது இருந்தால் சேர்க்கலாமே என்று நான்தான் கேட்டேன். அமெரிக்காவில் எமிட்ஸ்பர்க் என்ற ஊரில் 1981-இல் எழுப்பிய தீயணைப்பு வீரர் நினைவிடத்தில் வருடாவருடம் புதுப் பட்டயம் சேர்க்கிறார்கள் என்று படித்திருந்தேன். கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வெற்றிடம் விட்டால் அது ஆளைக் கூப்பிடும் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் சேர்க்க வேண்டி வந்தால் பக்கத்தில் இன்னொரு கல் நட வளாகத்தில் இடம் இருக்கிறது. கல்லை நிறைவாகவே வெட்டினோம்.

நட்ட பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஆடி வெள்ளியில் யாரோ மஞ்சள் துணி கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, அகல் ஏற்றிவிட்டார்கள். இது நடக்கும் என்று எதிர்பார்த்தேன். அகாலமாகச் செத்தவரைச் சாமியாக்குவது இந்த மண்ணின் பழக்கம், மதுரைவீரனும் காத்தவராயனும் அப்படி வந்தவர்கள்தானே. அண்ணிக்குச் சங்கடம். தம்பியின் அம்மாவுக்கோ சந்தோஷம், அவரே வெள்ளிக்கிழமை தோறும் ஒரு விளக்கு வைக்கிறார். நாங்கள் தடுக்கவில்லை. எண்ணெய் எழுத்தில் படாமல் இருக்க விளக்குக்குத் தனியாக ஒரு சிறு மாடம் கட்டிக் கொடுத்தோம், எச்சரிக்கை வரியை மறைத்துத் துணி கட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். மாதம் ஒருமுறை நூறு நாள் வேலைப் பெண்கள் வளாகம் கூட்டும்போது கழுவிவிடுகிறார்கள்.

ஏப்ரல் 14 நிகழ்ச்சியைக் காலையில் வைக்காதீர்கள். அந்த நேரம் நிலையத்திலேயே மலர்வளையம் வைக்கும் மரியாதை நடக்கும், ஊரிலும் நல்லேர். நாங்கள் மாலை ஐந்து மணிக்கு வைக்கிறோம். நிலைய அலுவலருக்குக் கடிதம் கொடுத்தால், தீத்தொண்டு வாரம் என்பதால் வண்டியும் ஆட்களும் செயல்விளக்கத்துக்கு வருவார்கள். பேச்சாளர்கள் வேண்டாம். மூச்சுக்கருவியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள். ஒரு வருடம் நடுவிலேயே பக்கத்து ஊரில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது என்று அழைப்பு வந்து வண்டி கிளம்பிவிட்டது. சுண்டலை வண்டியிலேயே கட்டிக் கொடுத்து அனுப்பினோம். சித்திரை வெயிலில் இது நடக்கத்தான் செய்யும், அதற்குத் தயாராக ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வெட்டுகிற பட்டறைகள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்பினால் அங்கே மாற்றும்போது கொம்பு இடம் மாறும், புள்ளி பறக்கும், ‘ஜெ’ வேறு ஏதோவாக நிற்கும். தாளில் முழு அளவில் அச்செடுத்து, இரண்டு வீட்டாரையும் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க வைத்து, அந்தத் தாளிலேயே கையெழுத்து வாங்கிய பிறகுதான் உளி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வரைபடக் கோப்பு என்னிடம் இருக்கிறது, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். அளவை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அஸ்திவார ஆழத்தை மட்டும் உங்கள் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.